பழைய பள்ளிப் பேருந்து வீடாகுமா? முதலில் ஆர்.சி., பிறகு எடைமேடை, கடைசியில்தான் பிளைவுட்

பாலக்கோடு அருகிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "பக்கத்துப் பள்ளியில் 2014 மாடல் 32 சீட் மினி பேருந்தை விற்கிறார்கள். எஞ்சின் நன்றாக இருக்கிறது. அதை வாங்கி வீடு போல மாற்றி, மனைவியோடும் 72 வயது அம்மாவோடும் கோயில், மலை என்று சுற்ற ஆசை. கையில் ஆறு லட்சம் இருக்கிறது. ஊர்த் தச்சர் 18 மி.மீ. பிளைவுட்டில் எல்லாம் செய்து தருகிறேன் என்கிறார், முப்பது பலகை ஆகுமாம். பின்பக்கம் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி நான்கு, 1 டன் ஏசி, வீட்டு கேஸ் சிலிண்டர், இவ்வளவும் வைக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?" ஆர்.சி. (பதிவுச் சான்று) நகலும் உள் அளவுகளும் இணைத்திருக்கிறார். மொத்த எடை (சுமையோடு அனுமதித்த உச்சம்) 6,950 கிலோ, வெற்று எடை 4,260 கிலோ, வீல்பேஸ் (இரண்டு அச்சுக்கும் இடைத்தூரம்) 3.4 மீட்டர். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நீளம் 5.4 மீட்டர், அகலம் 2.05, உயரம் 1.85.

அன்புள்ள வாசகருக்கு,

வண்டியைக் குறித்து எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலை உங்கள் வேலை வரிசையில்தான். கடிதத்தில் பிளைவுட் இரண்டாவது வரியிலேயே வந்துவிட்டது, ஆர்.டி.ஓ. அலுவலகம் ஒரு வரியில்கூட இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் காகிதத்தை முடியுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும் அளவுக்கு வண்டியை மாற்ற உரிமையாளருக்குத் தானாக உரிமை கிடையாது. முன்அனுமதி வேண்டும். மாற்றி முடித்த 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 32 சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டால் இருக்கை எண்ணிக்கை, பாடி வகை, வெற்று எடை, நிறம் நான்குமே மாறுகின்றன. நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. மத்திய அரசின் வாகன வகைப் பட்டியலில் சொந்தப் பயன்பாட்டுக்கான 'கேம்பர் வேன்' போக்குவரத்து அல்லாத வாகனமாக வருகிறது. அந்த வகைக்கு மாறிவிட்டால் வாடகை வண்டிக்கான பர்மிட் தொல்லை இல்லை. ஆனால் கேரவன் வண்டிகளின் கட்டுமானத்துக்கு ஏஐஎஸ்-124 (ஏஐஎஸ் என்பது வாகனத் தொழில் தரநிலை) என்ற தனித் தரம் இருக்கிறது. ஊர்ப் பட்டறையில் கட்டி, படம் எடுத்துக்கொண்டு போய் நின்றால் ஆய்வாளர் கையெழுத்துப் போட முடியாது.

ஆகவே தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள்: இந்த எண் வண்டியைச் சொந்தப் பயன்பாட்டு கேம்பர் வேனாக மாற்ற விரும்புகிறேன், என்னென்ன வரைபடம், யாருடைய சான்று வேண்டும் என்று. பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் வாய்மொழியாகச் சொன்னது ஆறு மாதம் கழித்து எஃப்.சி. (தகுதிச் சான்று) நாளில் உதவாது. அந்தப் பதிலோடு கரூரில் ஏஐஎஸ் தரப்படி பாடி கட்டும் அங்கீகாரம் உள்ள கூடம் ஒன்றை அணுகுங்கள். வரைபடமும் வெளிக்கூட்டு வேலையும் சான்றும் அவர்களிடம். உள்ளே மரவேலை வேண்டுமானால் உங்கள் தச்சரிடம். சோதனைச் சான்று தேவை என்று வந்தால் சென்னை அருகே ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. சோதனை மையம் இருக்கிறது. இது எதற்கும் வழியில்லை என்று பதில் வந்தால், இந்தப் பேருந்தை விட்டுவிடுங்கள். எஞ்சின் நன்றாக இருக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம்.

விற்பவர் பக்கத்தில் பார்க்க வேண்டியவை: வண்டி பெரும்பாலும் அறக்கட்டளை பெயரில் இருக்கும், எனவே விற்கும் தீர்மான நகல், பள்ளி வண்டிக்கான பர்மிட் ஒப்படைத்த சான்று, வரி நிலுவை இல்லை என்ற விவரம், கடன் இருந்தால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸ் வகையையும் மாற்ற வேண்டும். பள்ளிப் பேருந்து பாலிசியோடு கட்டில் போட்ட வண்டி மோதினால் நிறுவனம் முதலில் கேட்பது ஆர்.சி.யும் வண்டியும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். ஓட்டுநர் உரிமத்தில் உங்களுக்கு வசதி: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருப்பதால் இலகுரக உரிமம் போதும். 2014 வண்டி என்பதால் அது பெரும்பாலும் பி.எஸ்.3 (பழைய புகைத் தரம்). பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். காசி வரை போகலாம். டெல்லி சுற்றுவட்டாரத்தில் பத்தாண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அந்தப் பக்கம் திட்டமிடும்போது விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி எடை. பலரும் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் ஆர்.சி.யில் மொத்த எடைக்கும் வெற்று எடைக்கும் வித்தியாசம் 2,690 கிலோ. 32 சீட்டும் கழன்றால் சீட்டுக்குச் சுமார் 12 கிலோ வீதம் 380 கிலோ போல மிஞ்சும். ஆக ஏறக்குறைய 3,070 கிலோ உங்கள் கையில். உங்கள் பட்டியலைக் கூட்டினால்: எட்டுக்கு நாலு 18 மி.மீ. பிளைவுட் ஒன்று 36 கிலோ, முப்பது பலகை 1,080, தண்ணீரும் தொட்டியும் 520, டியூபுலர் பேட்டரி ஒன்று அமிலத்தோடு 55, நான்கு 220, நிரம்பிய வீட்டு சிலிண்டர் 30, ஏசி 40, பிரிட்ஜ் 40, மூன்று பேரும் மூட்டை முடிச்சும் 350. மொத்தம் 2,280. கணக்கில் தப்பித்துவிட்டீர்கள்.

அச்சில் மாட்டிக்கொண்டீர்கள். தண்ணீரும் பேட்டரியும் சேர்ந்து 740 கிலோ. அதைப் பின் சுவரை ஒட்டி, பின் அச்சுக்கு 1.8 மீட்டர் பின்னால் வைக்கிறீர்கள். சீசா பலகை போல வேலை செய்யும்: 740-ஐ 1.8-ஆல் பெருக்கி 3.4-ஆல் வகுத்தால் 390. அதாவது முன் அச்சிலிருந்து 390 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பின் அச்சில் 740 அல்ல, 1,130 கிலோ ஏறுகிறது. ஸ்டியரிங் லேசாகிறது, முன் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைகிறது. ஓட்டிப் பார்க்கும்போது "அடடா, ஸ்டியரிங் எவ்வளவு மென்மை" என்று தோன்றும், அதுதான் ஆபத்து. தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மழையில் இந்த வண்டியை வளைக்க நேர்ந்தால் முன் சக்கரம் நீங்கள் சொன்ன பக்கம் திரும்பாது. போதாக்குறைக்கு, பின் அச்சைத் தாண்டித் தொங்கும் சேஸி நீட்டம் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவாங்கி, குறுக்குச் சட்டம் சேரும் இடத்தில் வெடிப்பு விடும்.

அதே 740 கிலோவைப் பின் அச்சுக்கு 0.4 மீட்டர் முன்னால் கொண்டு வந்தால், முன் அச்சுக்கு 87 கிலோ சேர்கிறது, பின்னால் 653 மட்டும். பணம் ஒரு ரூபாய் கூடவில்லை, இடம்தான் மாறியது. எனவே தொட்டி இரண்டு அச்சுக்கும் நடுவில், முடிந்தால் தரைக்குக் கீழே சேஸியில் சட்டம் கட்டி. 500 லிட்டர் வேண்டாம். மூன்று பேருக்குச் சமையல், குடிநீர், சிக்கனக் குளியல் சேர்த்து நாளுக்கு 60 லிட்டர் வைத்தாலும் 150 லிட்டர் இரண்டு நாளைக்கு மேல் வரும். பாதி நிரம்பிய பெரிய தொட்டி வளைவில் தளும்பி வண்டியைச் சாய்க்கும். ஆகவே உள்ளே தடுப்புத் தகடு உள்ளதாக, அல்லது 75 லிட்டர் இரண்டாக வையுங்கள். இடவலமும் பாருங்கள்: சமையல் மேடையும் பிரிட்ஜும் ஒரு பக்கம் என்றால் பேட்டரி மறுபக்கம்.

சீட்டைக் கழற்றியதும் டீசல் தொட்டி நிரப்பி எடைமேடைக்குப் போங்கள். முன் சக்கரம் மட்டும், பிறகு முழு வண்டி, பிறகு பின் சக்கரம் மட்டும் என்று மூன்று எடைச் சீட்டு வாங்குங்கள். அந்த மூன்று எண்தான் உங்கள் வரைபடத்தின் முதல் வரி. ஒவ்வொரு அச்சும் எவ்வளவு தாங்கும் என்பது தயாரிப்பாளர் தகட்டிலும் ஆர்.சி.யிலும் இருக்கும்.

தச்சரைப் பற்றி. அவர் வேலை நன்றாக இருக்கலாம், ஆனால் வீட்டு அலமாரி நடக்காது, இது நடக்கும். ஆணி அடித்த மூட்டு ஆயிரம் கிலோமீட்டரில் ஆடத் தொடங்கும். 25-க்கு 25 மி.மீ., 1.6 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாய் மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோதான். அதில் சட்டம் கட்டி, தரையிலும் சுவர்த் தூணிலும் போல்ட் போட்டு, மேலே 6 அல்லது 9 மி.மீ. பிளைவுட் மூடுங்கள். 18 மி.மீ. சமையல் மேடைக்கும் கட்டில் பலகைக்கும் மட்டும். மர எடை பாதிக்குமேல் குறையும். நட்டு எல்லாம் அதிர்வில் கழலாத நைலாக் வகை. இழுப்பறைக்குத் தள்ளினால் பூட்டிக்கொள்ளும் கொக்கி. காந்தக் கொக்கி முதல் வேகத்தடையிலேயே தோற்றுவிடும்.

இதற்கெல்லாம் முன் துரு. சீட் கழன்றதும் தரை விரிப்பையும் பழைய பலகையையும் முழுக்கப் பெயர்த்துப் பாருங்கள். பத்தாண்டு பிள்ளைகள் மழையில் ஏறி இறங்கிய வண்டி. படிக்கட்டுக் குழி, சக்கர மேடை, ஜன்னலின் கீழ்ச்சட்டம், பேட்டரிப் பெட்டிச் சுற்று ஆகிய நான்கு இடமும் கட்டாயம் துரு பிடித்திருக்கும். சுத்தியலால் தட்டுங்கள், கணீரென்றால் சுரண்டி, துருவைச் செயலிழக்கச் செய்யும் ரசாயனம் (ரஸ்ட் கன்வெர்ட்டர்) பூசி எபாக்ஸி பிரைமர் அடிக்கலாம். தொப்பென்றால் வெட்டிப் புதுத் தகடு வெல்டிங். துருவின் மேல் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்துத் தருபவரிடம் விலகியே இருங்கள்.

பிறகு வாட்டர் சர்வீஸில் நிறுத்தி, கூரையிலும் ஜன்னலிலும் தண்ணீர் அடிக்கச் சொல்லி, உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்று ஒழுகும் இடத்தைச் சாக்பீஸால் குறியிடட்டும். உள்பூச்சு மூடிய பிறகு ஒழுக்கைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து வளைவுச் சட்டம் வழியாக நாலடி தள்ளிச் சொட்டும். அடைப்பதற்கு பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட். சிலிக்கோன் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் பிடிக்காது, அடுத்த முறை வேறு எதுவும் ஒட்டாது. ஜன்னல் சிலவற்றை மூடலாம், ஆனால் ஜன்னலுக்கு இடையிலுள்ள தூணையும் கூரை வளைவுச் சட்டத்தையும் ஒரு அங்குலம்கூட அறுக்கக் கூடாது. வண்டி உருண்டால் உங்களைக் காப்பது அவைதான். அவசர வழிக் கதவைக் கட்டிலோ அலமாரியோ மறைக்கவும் கூடாது; உறங்குமிடத்திலிருந்து இரண்டு பக்கம் வெளியேற வழி இருக்க வேண்டும்.

வெயிலுக்கு முதல் மருந்து வெள்ளை நிறக் கூரை. பள்ளி மஞ்சளை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். அடுத்து, கூரையிலும் சுவரிலும் 25 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட், தகட்டோடு காற்றிடைவெளி இல்லாமல் ஒட்டி. கண்ணாடிக் கம்பளி ஓடும் வண்டியில் சரிந்து கீழே இறங்கும், ஈரம் குடிக்கும். தெர்மாகோல் கிறீச்சிடும், நெருப்பு பிடித்தால் உருகிச் சொட்டும். உயரக் கணக்கு: தரையில் 10 மி.மீ. காப்பும் 12 மி.மீ. பலகையும், கூரையில் 25 மி.மீ. காப்பும் 6 மி.மீ. பலகையும் சேர்ந்து 53 மி.மீ. போகும். 1.85 மீட்டர் 1.80 ஆகிவிடும். ஐந்தேமுக்கால் அடிக்காரர் நிமிர்ந்து நிற்கலாம், பொய்க்கூரை ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும். வெல்டிங் எல்லாம் முடிந்தபிறகே காப்பு ஒட்டுங்கள். ஒட்டிய பின் ஒரு பொறி பட்டால் போதும்.

மின்சாரத்தில் உங்கள் முக்கியக் கேள்வி ஏசி. 1 டன் இன்வெர்ட்டர் ஏசி தகட்டு வண்டியில் ஓர் இரவு, எட்டு மணி நேரம் ஓடினால் 5 முதல் 7 யூனிட் இழுக்கும். உங்கள் நான்கு டியூபுலர் பேட்டரி பெயரளவில் 7.2 யூனிட், ஆனால் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் போகும் என்பதால் கையில் 3.6 யூனிட். நடு இரவில் ஏசி நிற்கும், 220 கிலோ மட்டும் நிற்காமல் கூடவே வரும். மேலும் அவை சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும்; கட்டிலுக்கு அடியில் வைக்கும் பொருள் அல்ல. ஏசியை வெளி மின்சாரம் கிடைக்கும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் ஓட்டுங்கள். குளிர்ந்த ஏற்காட்டிலும் தளியிலும் இரவில் அது தேவையும் இல்லை.

ஏசி இல்லாத நாள் கணக்கு: இரண்டு பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) மின்விசிறி பத்து மணி நேரம் 560 வாட்-மணி, விளக்கு 100, கம்ப்ரசர் வகைச் சிறு பிரிட்ஜ் நம் வெயிலில் 500, போன், லேப்டாப் 250, தண்ணீர் பம்ப் 20, இண்டக்ஷன் அடுப்பு நாற்பது நிமிடம் 1,000. மொத்தம் 2,430. கூரையில் 800 வாட் சோலார், நல்ல வெயில் ஐந்து மணி நேரம், இழப்புக்கு முப்பது சதவீதம் கழித்தால் 2,800. சரியாக வருகிறது. ஐப்பசி மழையில் பாதிதான் வரும், அப்போது ஓடும் எஞ்சினிலிருந்து ஏற்ற வேண்டும். பேட்டரி 25.6 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒன்று, 5.1 யூனிட், ஐம்பது கிலோ சொச்சம். 12 வோல்ட்டில் வேண்டாம் என்பதற்குக் காரணம்: 1,500 வாட் இண்டக்ஷனுக்கு 12 வோல்ட்டில் 140 ஆம்பியர் அருகே ஓடும், 24-இல் 70. பாதி ஆம்பியர் என்றால் மெல்லிய கேபிள், குறைந்த சூடு.

உங்கள் வண்டி 12 வோல்ட்டா என்று பார்த்து, அப்படியென்றால் 12-லிருந்து 24-க்கு ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் 15 ஆம்பியர் போடுங்கள். லித்தியத்தை நேராக ஆல்டர்னேட்டரில் இணைத்தால் அது கிடைப்பதையெல்லாம் இழுக்கும். வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது குளிர்விக்கும் காற்றும் குறைவு, டையோடு கருகிவிடும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் முதன்மை பியூஸ். டிசி (பேட்டரி) பக்கம் வீட்டு எம்.சி.பி.யை (தானே துண்டிக்கும் சுவிட்சை) மாட்டாதீர்கள்; டிசி நெருப்புப் பொறியை அது அணைக்காது, டிசி என்று எழுதியதையே வாங்க வேண்டும். வயர் கனத்துக்கு ஓர் உதாரணம்: 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் சாதனம் ஆறு மீட்டர் தள்ளி இருந்தால், 2.5 சதுர மி.மீ. வயரில் போகவர 0.84 வோல்ட் இழப்பு, ஏழு சதவீதம். 6 சதுர மி.மீ. என்றால் 0.35 வோல்ட். "எரிகிறது சார், ஆனால் மங்கல்" என்ற புகார் எல்லாம் இதுதான். வயர் பலநூல் வகை, தகட்டில் நுழையும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம். வெளி மின்சாரம் நுழையுமிடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), வண்டி உடல் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். இதை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

சோலார் பேனலைக் கூரைத் தகட்டில் மட்டும் திருகாதீர்கள், வளைவுச் சட்டத்தில் போல்ட் போடுங்கள், அடியில் 40 மி.மீ. காற்றுவழி விட்டு. பிறகு தரையிலிருந்து உயரத்தை அளந்து டிரைவர் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள், ரயில்வே சுரங்கப்பாதை அருகே நினைவு வரும்.

வீட்டு சிலிண்டர் வேண்டாம். மானிய வீட்டு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டுமே தரப்படுவது; எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் மூடிய வண்டியின் தரையில் தேங்கும். இண்டக்ஷன் கணக்கு மேலே சரியாக வந்துவிட்டதால் அதோடு முடித்துக்கொள்ளலாம். தீயணைப்பான் 4 கிலோ ஏபிசி பவுடர், கதவருகே.

தண்ணீர் நிரப்பும்போது ஒன்று கவனியுங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு கூடுதல். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும். குடிப்பதற்குத் தனி 20 லிட்டர் கேன் வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்கு சி.பி.வி.சி. வேண்டாம், அதிர்வில் மூட்டு விரிசல் விடும். வளையும் பெக்ஸ் (பிளாஸ்டிக்) குழாய் போடுங்கள். கழிவு நீருக்கு 100 லிட்டர் தொட்டி. ஆற்றங்கரையில் திறந்துவிடக் கூடாது.

பயணிப்பவர் மூன்று பேர் என்றால் பெல்ட்டோடு முன்னோக்கிய மூன்று இருக்கை, பழைய சீட் பூட்டிய அதே தரைச் சட்டத்தில். ஓடும்போது சோபாவில் யாரும் உட்காரக் கூடாது. அம்மாவுக்கு வண்டிப் படி உயரம். மடக்கும் கூடுதல் படி ஒன்றும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் வையுங்கள், படி மடங்காமல் வண்டி நகர்ந்தால் எச்சரிக்க ஒரு பஸ்ஸரும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள், 1719 என்றால் 2019-ஆம் ஆண்டின் 17-ஆவது வாரம். பள்ளி வண்டி குறைவாக ஓடுவதால் பட்டன் தேயாமல் ரப்பர் மட்டும் கிழடாகியிருக்கும். ஆறு ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஆறு லட்சத்தில் டயர், பிரேக், துரு வேலை, சான்று, பேட்டரி ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்கி, மிச்சத்தில்தான் மரவேலை. மிச்சம் குறைவாக இருந்தால் முதல் ஆண்டு மடக்குக் கட்டிலும் பிளாஸ்டிக் பெட்டியும் போதும்.

எல்லாம் முடிந்ததும் தொட்டி நிரப்பி, மூட்டை ஏற்றி, மூவரும் உட்கார்ந்து மறுபடி எடைமேடைக்குப் போய் மூன்று எடைச் சீட்டு. பிறகு பென்னாகரம் வழி ஒகேனக்கல், ஓர் இரவு. போகும்போது மலை இறக்கத்தில் இரண்டாவது கியர், பிரேக்கில் காலை ஊன்றியே வைக்காமல் விட்டு விட்டு. கீழே இறங்கியதும் சக்கரத்தருகே கை வைத்துச் சூடு பாருங்கள், ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சுட்டால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. திரும்பி வந்ததும் ஸ்பேனரோடு தொடங்கி எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று முறுக்குங்கள். எது ஆடியது, எது கிறீச்சிட்டது என்று அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்து வருபவருக்குத்தான் அது கேட்கும்.